குவாகுவா எத்தனை?

டாக்டர் நெல்சி வேலைக்கு வந்த முதல் நாளே ஊர் சிரிக்கும்படி ஆகிவிட்டது. எங்கள் ஆற்றங்கரைச் சுகாதார நிலையத்தில் அவளுக்கு உதவியாள் நான்தான், துலியா. முதலில் உள்ளே வந்தவள் வேட்டைக்காரன் பெண்டாட்டி வெனான்சியா. டாக்டர் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

"அக்கா, வீட்டுல குவாகுவா எத்தனை?"

"ரெண்டு இருந்துச்சு. பெருசை ஞாயித்துக்கெழமை கொழம்பு வெச்சாச்சு."

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"கொழுகொழுன்னு இருந்துச்சு. புகையில கட்டி வெச்ச தொடை ஒண்ணு இருக்கு, கொண்டாரட்டா?"

நான் குறுக்கே விழுந்து விளக்கியிருக்காவிட்டால் டாக்டர் அப்படியே படகேறியிருப்பாள். அவளுடைய பாஸ்தோ மலைப்பக்கம் குழந்தையைத்தான் குவாகுவா என்பார்களாம். எங்கள் காட்டிலோ அது புள்ளி போட்ட கறிப் பிராணி, முயலைவிடப் பெரியது. அன்றிலிருந்து அவள் 'டாக்டர் குவாகுவா'.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய கையோடு பெட்டி கட்டாத பிள்ளை கிடையாது. என் மகள் யர்லேனிஸ் கணக்குப் படித்துவிட்டு மெதெயின் நகரத்துக்குப் போனாள். குவாகுவாத் தொடைக்காக அண்ணனோடு மல்லுக்கு நின்றவள், இப்போது பண்டிகைக்குக்கூட வருவதில்லை. இவள் ஏன் எதிர்த்திசையில் வருகிறாள்? கேட்டே விட்டேன்.

"குலுக்கல்ல இந்த ஊர் விழுந்துச்சுக்கா. படிச்சு முடிச்ச டாக்டருக்கு ஒரு வருஷம் கட்டாய சேவை."

"முடிஞ்சதும்?"

"போயிடுவேன்."

பொய் சொல்லாதது பிடித்திருந்தது. ஆனாலும் அந்தப் பதில் பிடிக்கவில்லை. முன்பு வந்தவர்களும் வருடம் முடிந்த அன்றே போனவர்கள்தான். அடுத்த ஆள் வரும்வரை கதவில் பூட்டுத் தொங்கும். அப்படிப் பூட்டியிருந்த ஒரு மழைக்காலத்தில்தான் என் தங்கை பிரசவ வலியோடு படகில் போனாள். கிப்தோ ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேரவில்லை.

நெல்சியின் வருடமும் முடிய வந்தது. தலைநகர் பொகோட்டாவில் பெரிய மருத்துவமனை ஒன்று கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "என்ன செய்யப் போறே?" என்றால் "தெரியலக்கா" என்பாள். எனக்குக் கெஞ்ச வராது. கோபப்படத்தான் வரும், அதையும் அடக்கிக்கொண்டேன்.

வியாழன் மாலை படகுத்துறையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். நெல்சி வந்து அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். கை மீனில் இருந்தாலும் காது அவளிடம்தான் இருந்தது.

"இன்னும் சொல்லலம்மா... நல்ல வேலைதான், யாரு இல்லேன்னா?... ஞாயித்துக்கெழமை எப்படிம்மா கெளம்புறது? அன்னைக்கு வெனான்சியா அக்கா வீட்டுல குவாகுவா சமைக்கிறாங்க. தொடை எனக்குத்தான்!"

பாஸ்தோவில் அந்த அம்மா போட்ட அலறல் எனக்கே கேட்டது.

நெல்சி ஒரு கணம் விழித்தாள். பிறகுதான் உறைத்தது. "ஐயையோ, கொழந்தை இல்லம்மா! கொழந்தை இல்ல!" என்று கத்தி, சிரித்து, சிரிப்புத் தாங்காமல் பலகையில் உட்கார்ந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நானும் சிரித்தேன்.

போனை வைத்தபின் அவள் சிரிக்கவில்லை.

"துலியாக்கா, அந்த வார்த்தை என் வாயில எப்ப மாறுச்சு?"

"நானா பாத்தேன்? நீ தொடைக்கு ஆசைப்பட்டப்பவே மாறியிருக்கும்."

வெள்ளிக்கிழமை பொகோட்டாவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். "இன்னும் ஒரு வருஷந்தான்க்கா. அதுக்கப்புறம் என்னைக் கேக்காதீங்க." நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் போய்த் தங்கையின் படத்தைத் துடைத்து வைத்துவிட்டு அழுதேன்.

மனம் லேசாகி, அன்று மாலையே துறைக்கு வந்து யர்லேனிஸைக் கூப்பிட்டேன்.

"ஞாயித்துக்கெழமை வெனான்சியா வீட்டுல குவாகுவாடீ. வர்றியா?"

"ச்சீ! இன்னுமா அந்தக் காட்டு எலியத் திங்கிறீங்க?" என்றாள் என் மகள்.