வேகவைத்த காஸ்பரீத்தோ பூ

முள்முருங்கை இனத்து மரமான காஸ்பரீத்தோவின் பூச்சாற்றை ஊதா நிறக் கரைசலில் விட்டுவிட்டு ஒதிலியா காத்திருந்தாள். ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்து சாற்றில் இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாக வேண்டும். வெளுக்கவில்லை. மறுபடி செய்தபோதும் அப்படித்தான்.

தன் கைதான் சரியில்லையோ என்று நினைத்தாள். எதிலும் முதலில் தன்னையே சந்தேகிப்பது அவள் வழக்கம். பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு மாலை வகுப்புக்கு வருகிறவள். ஆனால் கிருமி வளர்த்த தட்டுகள் வேறு மாதிரி இருந்தன. பூச்சாறு ஊறிய காகித வட்டுகளைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் பளிச்சென்று ஒரு வளையம். வெள்ளிக்கிழமை தேர்வுக் குழுவுக்கு அவள் காட்டப்போவது அதைத்தான். அது நின்றால் பட்டம். நிற்காவிட்டால் காஸ்பரீத்தோ மறுபடி பூக்கும் அடுத்த தவக்காலம் வரை காத்திருக்க வேண்டும்.

"இன்னும் அந்த ஊதாவையே முறைச்சுக்கிட்டு இருக்கியா?" என்றான் நெரேயோ, அவளோடு சேர்ந்து இந்த ஆய்வைச் செய்கிறவன். "மருந்து பழசாயிருக்கும், விடு."

"நேத்துதான் கலக்கினேன். வைட்டமின் சி விட்டா உடனே வெளுக்குது. பூவுலதான் ஏதோ கோளாறு."

"பூவைச் சொல்லாத. எங்கம்மா ஒவ்வொண்ணா நரம்பு உருவி, வேகவச்சு, காயவச்சுப் பொடிச்சுக் குடுத்தது."

ஒதிலியா நிமிர்ந்தாள். "வேகவச்சா?"

"பின்ன? பச்சையாச் சாப்பிட்டா சொக்கிப் போயிர மாட்டோம்?"

"அந்தத் தண்ணி?"

"கொட்டிட்டாங்க. உங்க வீட்டுல என்ன, குடிப்பீங்களா?"

அவர்கள் ஊரான ஹலாப்பாவில் எந்த வீட்டிலும் அந்தத் தண்ணீரை வைத்துக்கொள்வதில்லை. அவளுடைய அம்மாவும் கொட்டிவிட்டுத்தான் பூவை முட்டையில் தோய்த்துப் பொரிப்பாள். பொடியை வாங்கும்போது கேட்கத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. சத்தெல்லாம் சாக்கடையில் போயிருக்கிறது. அப்படியானால் கிருமியைக் கொன்றது எது? பொடியை ஊறவைத்துச் சாறு இறக்கிய ஆல்கஹாலா?

"வெறும் ஆல்கஹால் ஊறின வட்டு எங்கடா?"

"நம்ம கைடு டாக்டர் பெர்மின்தான் வேண்டாம்னாரு. தட்டு வீணாம்."

"நீயும் சரின்னுட்ட."

"உனக்குச் சிரமம் வேண்டாமேன்னுதான்."

"ரொம்ப நன்றி."

அன்றே அவள் வெறும் ஆல்கஹாலில் வட்டுகளை ஊறவைத்து, பூச்சாற்று வட்டுகளை உலர்த்திய அதே ஜன்னலோரத்தில் அதே நேரம் வைத்தாள். வெளியே ஓயாத தூறல். எடுத்துத் தொட்டபோது விரலில் ஈரம் ஒட்டியது. முன்பும் இப்படித்தான் இருந்திருக்கும். ஈரத்தோடே கிருமித் தட்டில் வைத்து, மறுநாள் மாலை திறந்தாள். அதே வளையம், அதே அகலம்.

பேராசிரியர் டாக்டர் பெர்மின் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமை இதைப் பத்தி யாரும் கேக்கப் போறதில்ல."

"கேக்காட்டியும் நான் சொல்லுவேன்."

"சொல்லு. போறது உன் பட்டம், என்னுது இல்ல. யோசிச்சுக்கோ."

அவளுக்குக் காது மடல் சுட்டது. "ஆல்கஹால் கிருமியைக் கொல்லும்னு எங்க கடைக்கு வர்ற குழந்தைக்குக்கூடத் தெரியும், டாக்டர். அதைக் கண்டுபிடிச்சதுக்கா எனக்குப் பட்டம்?"

அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிக்கும்வரை அவள் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு தட்டுகளையும் குழுவின் முன் அருகருகே வைத்தாள். பூ வேகவைத்தது, தண்ணீர் கொட்டியது, வட்டு உலராதது, ஒப்பிட வெறும் ஆல்கஹால் வட்டு வைக்காதது, எல்லாவற்றையும் சொன்னாள். யார் வேண்டாமென்றார் என்று ஒருவர் கேட்டபோது பெர்மினைக் கைகாட்டினாள். பட்டம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

வாசலில் நெரேயோ ஒரு டப்பாவோடு நின்றான். "அம்மா அழுதுட்டாங்க. இதைக் குடுத்துவிட்டாங்க. ஃப்ரிட்ஜுல கொஞ்சம் பூ இருந்துச்சாம்."

"வேகவச்சதா?"

"வேகவச்சதுதான்."

ஒன்றை எடுத்து வெறுப்போடு கடித்தாள். நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

"அடுத்த தவக்காலத்துக்குப் பச்சையாவே அனுப்புறாங்களாம்."

"ஒண்ணும் வேண்டாம். மரத்துல ஏறி நானே பறிச்சுக்கிறேன்," என்றாள், டப்பாவைத் திருப்பித் தராமல்.