இரண்டாவது மருந்து

அந்தச் செவ்வாய்க்கிழமையும் ராஜரத்தினம் எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். மடுல்கெல்லயில் முதல் பஸ்ஸில் ஏறினால்தான் அந்நேரத்துக்குக் கண்டியை எட்ட முடியும். ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவின் கதவு திறக்கும்வரை படிக்கட்டில் நின்றவர், ஸுமைரா சாவியோடு வருவதைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார். அவளும் தெல்தெனியவிலிருந்து பஸ்ஸில் நின்றபடிதான் வந்திருந்தாள். கால் கடுத்தது. இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

ஸுமைரா பன்னிரண்டு வருடம் வார்டுகளில் தாதியாக இருந்தவள். நான்கு வருடமாக இந்தப் பிரிவில் வேலை. புதிய மருந்துகளைச் சாப்பிட்டுப் பார்க்கச் சம்மதித்தவர்களின் இரத்தத்தை எடுப்பது, அவர்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்பது, சொன்னதை எழுதுவது. டொக்டர் விஜேகோனுக்குத் தமிழ் வராது. தமிழில் பேசுகிறவர்கள் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். ஒரே கேள்விகள், ஒரே வரிசையில். சில நாள்களில் வீட்டில் மகளிடம் பேசும்போதுகூட அந்தத் தொனி வந்துவிடுவதாகக் கணவன் சொல்வான்.

ராஜரத்தினத்துக்கு நாற்பத்து நான்கு வயது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் மெஷினில் நின்றவர். முப்பத்தைந்து வயதில் உடம்பெங்கும் தடிப்புகள் வரத் தொடங்கின. சூடு பட்டால் தடிப்பு, உடுப்பு உரசினால் தடிப்பு. பிறகு வயிற்றுப்போக்கு, எலும்பு வலி. ஒருநாள் மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். அதோடு வேலை போயிற்று. ஏழு வருடம் ஆளாளுக்கு ஒவ்வொன்று சொன்னார்கள். ஒவ்வாமை என்றார்கள், பூச்சி என்றார்கள், மனவருத்தம் என்றார்கள். கடைசியில் எலும்புக்குள் இருக்கும் என்பு மச்சையை எடுத்துப் பார்த்தபோதுதான் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. ஜீன் எனப்படும் பரம்பரையலகு ஒன்றில் ஒரேயோர் எழுத்து மாறியிருந்தது. அதனால் அரிப்பையும் வீக்கத்தையும் கொட்டுகிற ஒருவகை இரத்தக் கலங்கள், அதாவது இரத்த அணுக்கள், கட்டுக்கடங்காமல் பெருகி, எலும்புக்குள்ளும் தோலுக்குள்ளும் நிறைந்திருந்தன. மிக அரிதான நோய்.

மாறிப்போன அந்த எழுத்தின் வேலையைத் தடுக்க ஒரு மாத்திரை இருந்தது. அதைச் சாப்பிட்டதில் தடிப்பு குறைந்தது. அரிப்பு போகவில்லை. அதனால்தான் இந்தப் பரிசோதனை. முதல் மருந்தோடு, அந்தக் கலங்கள் உயிர்தப்புகிற வேறொரு வழியை அடைக்கும் இரண்டாவது மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்ப்பது. முதலில் சிறிய அளவு. தாங்கினால் அடுத்த ஆறு பேருக்குப் பெரிய அளவு. பெரிய அளவைச் சாப்பிட்ட அந்த ஆறு பேரில் மூவர் வெளிநாட்டில் இருந்தார்கள், மூவர் கண்டியில். ராஜரத்தினம் கண்டிக்காரர்களில் ஒருவர். இரண்டாவது மருந்தைத் தொடங்கி நான்கு வாரம் ஆகியிருந்தது.

"எப்பிடி அண்ணன் ஈக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஸுமைரா பேனையைத் திறந்தாள்.

"நல்லா இருக்கேன் மிஸ்."

"அரிப்பு?"

"இல்ல."

"நித்திர?"

"நல்லா தூங்குறேன். ஒம்பது மணிக்குப் படுத்தா விடியத்தான் முழிக்கிறேன்."

போன முறையும் அவர் இதையே சொல்லியிருந்தார். முகத்திலும் தெரிந்தது. கண்ணுக்குக் கீழிருந்த கருமை குறைந்திருந்தது. கழுத்தில் நகக்கீறல் எதுவும் இல்லை.

"மூக்கால, பல்லு முரசால ரத்தம் வந்திச்சா?"

"இல்ல மிஸ்."

வீட்டில் எழுதக் கொடுத்திருந்த சிறிய புத்தகத்தை நீட்டினார். ஒவ்வொரு நாளுக்கும் நேரே 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தது. ஸுமைரா பக்கங்களைப் புரட்டிவிட்டு, வெப்பமானியை எடுத்து வாயைத் திறக்கச் சொன்னாள். திறந்தார். கீழ்ப் பற்களின் அடியில், முரசோரமாக, கறுப்பாக ஏதோ உறைந்திருந்தது.

அவள் வெப்பமானியை வைக்கவில்லை.

"இது என்ன அண்ணன்?"

"வெத்தலை போட்டேன் மிஸ். பஸ்ஸுல வர்றப்ப."

அவர் சாப்பிடக் கூடாதவற்றின் பட்டியலை இதே மேசையில் வைத்து எழுதிக்கொடுத்தவள் அவள்தான். வெற்றிலைச் சுண்ணாம்பும் காரமும் பட்டால் உதடு வீங்கிவிடும் என்று அதில் முதலில் எழுதச் சொன்னவர் அவர்தான். வாயிலிருந்து வெற்றிலை மணம் வரவில்லை. பழைய இரத்தத்தின் இரும்பு வாடைதான் வந்தது. அவள் டோர்ச்சை எடுத்து நாக்கை உயர்த்தச் சொன்னாள். நாக்கடியில் இரண்டு கருஞ்சிவப்புக் கொப்புளங்கள். கைச்சட்டையை மடிக்கச் சொன்னாள். முழங்கைக்குக் கீழே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கன்றல்.

"ரத்தம் வந்தீக்கி அண்ணன்" என்றாள்.

ராஜரத்தினம் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் பூட்டினார். அதற்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

"எழுதாதீங்க மிஸ்."

ஸுமைரா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானே சொன்னீங்க" என்றார் அவர். "ஆறு பேர்ல ரெண்டு பேருக்கு ரத்தக் கசிவு வந்துட்டா இந்த அளவையே நிப்பாட்டிருவாங்கன்னு. போன மாசம் கூப்பிட்டும் சொன்னீங்க, வெளிநாட்டுல ஒராளுக்கு வந்துருச்சுன்னு. அப்ப நான் ரெண்டாவது ஆளு. எனக்கு நிப்பாட்டுனா பரவால்ல. எல்லாருக்கும்ல போயிரும்."

அவர் சொன்னது உண்மைதான். சம்மதப் படிவத்தின் இருபத்தொரு பக்கங்களையும் அவரோடு உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் விளக்கியிருந்தாள். அநேகம் பேர் நாலாம் பக்கத்திலேயே எங்கே கையெழுத்து என்று கேட்பார்கள். ராஜரத்தினம் கடைசிவரை கேட்டார். கேட்டதை மறக்கவுமில்லை.

"மூளைக்குள்ள கசிஞ்சா என்ன ஆகும் எண்டும் செல்லித் தந்தேன்தானே."

"சொன்னீங்க."

"அது விளங்கல்லியா?"

"விளங்குச்சு. மிஸ், ஒம்பது வருசம் நான் ஒரு ராத்திரி முழுசாத் தூங்குனதில்ல. எம் பொஞ்சாதியும் தூங்குனதில்ல. முதுகெல்லாம் பனிக்கட்டியத் தேச்சுவிட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. விடிஞ்சா மலைக்குக் கொழுந்து எடுக்கப் போவணும் அவ. இந்த ஒரு மாசமாத்தான் வீட்டுல சத்தமில்லாம இருக்கு. மண்டைக்குள்ள ஏதாச்சும் ஆனா ஆகட்டும்னு நெனச்சேன். பொய் சொல்லல, அப்பிடித்தான் நெனச்சேன்."

ஸுமைராவுக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. களைப்புத்தான் வந்தது. அடுத்த அறையில் இரத்தத்தைச் சுழற்றும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வாங்கில் உட்கார்ந்து இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர்களில் தெல்தோட்டையிலிருந்து வரும் பெண் ஒருத்தியும் இதே அளவு மருந்தைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. கைக்குழந்தையோடு வந்து, குழந்தையைத் தூக்கவே பயந்த காலத்தைச் சொல்லி அழுதவள், போன முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள்.

ஸுமைரா ராஜரத்தினத்தின் இரத்தத்தை எடுத்து அவசரம் என்று குறித்து அனுப்பினாள். ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்தாள். மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம் போதும். ராஜரத்தினத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. அவ்வளவு நேரமும் இருவரும் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணித்தியாலத்தில் முடிவு வந்தது. குருதிச் சிறுதட்டுகள் முப்பத்தோராயிரம். இரத்தத்தை உறையவைப்பவை அவைதான். ஆகக் குறைந்தது ஒன்றரை இலட்சமாவது இருக்க வேண்டும். ஆனால் பரிசோதனையின் விதி அந்த எண்ணைக்கொண்டு மட்டும் தீர்மானிக்கவில்லை. எண் இருபத்தையாயிரத்துக்கு மேலே இருந்து, கசிவும் இல்லையென்றால், மருந்தைச் சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம். கசிவு இருந்தால் அவர்தான் இரண்டாவது ஆள். எல்லாம் அவள் எழுதப்போகும் ஒரு வரியில்தான் இருந்தது.

"எனக்கு ஏலாது அண்ணன்" என்றாள். "நான் எழுதாம உட்டா, நாளைக்கி இந்த அளவு நல்லது எண்டு செல்லி இன்னும் நூறு பேருக்குக் குடுப்பாங்க. அதுல ஒராள் வீட்டுல படுத்த இடத்துலயே மௌத்தாப் போனா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மழை தூறத் தொடங்கியிருந்தது. ஸுமைரா படிவத்தை எடுத்துத் திகதியை எழுதினாள். 'கசிவு தொடங்கிய நாள்' என்ற இடத்தில் பேனை நின்றது. இன்றைய திகதியைப் போடுவதா, தெரியாது என்று போடுவதா என்று யோசித்தாள்.

"பதினொரு நாளாச்சு" என்றார் ராஜரத்தினம், ஜன்னலைப் பார்த்தபடியே. "எழுதுறதுன்னா சரியா எழுதுங்க. போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி, பல்லு வெளக்குறப்ப. மறுநாள் இல்ல. ஞாயித்துக்கெழம மூக்குல கொஞ்சம். திங்கக்கெழமையிலயிருந்து தெனமும். கையில இருக்கிறது கட்டில் மூலையில மெதுவாப் பட்டது, அது புதன்கெழம."

ஒவ்வொரு நாளையும் அவர் மனதில் வைத்திருந்தார். ஸுமைரா எழுதினாள். எழுதி முடித்ததை வாசித்துக் காட்டினாள். அவர் தலையாட்டினார்.

டொக்டர் விஜேகோன் வந்து வாயையும் கையையும் பார்த்தார். படிவத்தை இரண்டு தரம் வாசித்தார். சிங்களத்தில், மெதுவாக, "இதை முந்தியே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். ராஜரத்தினத்துக்குச் சிங்களம் தெரியும். ஸுமைரா மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அன்றே வார்டில் சேர்த்துச் சிறுதட்டுகள் ஏற்றினார்கள். மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கசிவு இல்லை. இரண்டு மருந்தையும் நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை பாலம்மா வந்து கணவரை அழைத்துப்போனாள். ஒல்லியான பெண், விரல்நுனிகளில் கொழுந்துக் கறை. ஸுமைராவிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மறுபடி அரிப்பு வந்துருமா மிஸ்?"

"வரும். முந்தின அளவுக்கு வராதெண்டுதான் டொக்டர் செல்றார்."

"எங்கிட்டயும் சொல்லல" என்றாள் பாலம்மா. "தலாணி உறைய அவரே தொவைச்சுப் போட்டாரு. ஒடம்பு நல்லாயிருச்சு, ஒத்தாசையா இருக்காருன்னு நெனச்சேன்."

மூன்றாம் வாரம் அரிப்பு வந்தது. அதற்குள் சிறுதட்டுகள் ஏறிவிட்டிருந்ததால் முதல் மருந்தைப் பாதி அளவில் மறுபடி தொடங்கினார்கள். அந்தப் பெரிய அளவு மூடப்பட்டது. தெல்தோட்டைப் பெண்ணையும் சிறிய அளவுக்கு இறக்கினார்கள். அவள் காரணம் கேட்டபோது, இன்னொருவருக்குக் கசிவு வந்தது என்று ஸுமைரா சொன்னாள். யாரென்று சொல்லவில்லை. அந்தப் பெண் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு நீண்ட நேரம் இருந்தாள். பிறகு இரத்தம் எடுக்கக் கையை நீட்டினாள். சிறிய அளவில் அவளுக்குத் தடிப்புகள் கொஞ்சம் திரும்பின. குழந்தையைத் தூக்க முடிந்தது.

சிறிய அளவுக்குப் புதிதாக எடுக்கும் ஆறு பேருக்கும் இரத்தப் பரிசோதனை வாரந்தோறும் என்று விதியை மாற்றினார்கள். பதினேழாம் நாளிலேயே கசிவு தொடங்கலாம் என்பது ராஜரத்தினம் சொன்ன திகதிகளிலிருந்துதான் தெரிந்தது. டொக்டர் அதை அறிக்கையில் எழுதினார். அங்கே அவர் பெயர் இல்லை, ஓர் இலக்கம் மட்டும் இருந்தது. அந்தப் புதிய குழுவில் தன்னையும் சேர்க்க முடியுமா என்று ராஜரத்தினம் ஒருநாள் தொலைபேசியில் கேட்டார். முடியாது, ஒருமுறை நிறுத்தியவரை மறுபடி சேர்ப்பதில்லை என்று ஸுமைரா சொன்னாள். சரி மிஸ் என்று வைத்துவிட்டார்.

நான்கு மாதம் கழித்துக் கடைசி முறையாக என்பு மச்சை எடுக்க வந்தார். வர வேண்டும் என்று கட்டாயமில்லை. விரும்பினால் வரலாம் என்றுதான் கடிதம் போயிருந்தது. இடுப்பெலும்பில் ஊசி இறங்கும்போது கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார், சத்தம் போடவில்லை. முடிந்தபின் ஸுமைரா பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டே, போன முறை, வார்டில் இருந்தபோது எடுத்ததன் முடிவைச் சொன்னாள். கெட்ட கலங்கள் நாற்பது வீதத்திலிருந்து இருபத்திரண்டு வீதத்துக்கு இறங்கியிருந்தன.

"அந்த ஒரு மாசத்துலயா?"

"அதுலதான் கூட எறங்கீக்கி எண்டு டொக்டர் செல்றார்."

"ம்" என்றார். "இப்ப ராத்திரிக்கு ரெண்டு தரம் முழிக்கிறேன். முந்தி முழிச்சே கெடப்பேன். மடுல்கெல்ல டவுன்ல கொமினிகேஷன் கடை ஒண்ணுல போட்டோகொப்பி அடிக்கிற வேலை. காலையில மட்டும். மத்தியானத்துக்கு மேல மெஷின் சூடு தாங்காது."

பாலம்மா அவருடைய சப்பாத்துகளைக் கட்டிலுக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் மெதுவாக எழுந்து நின்றார். அவர் தன்மேல் இன்னும் கோபமாக இருக்கிறாரா என்று ஸுமைராவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பிளாஸ்டரை இரண்டு நாளைக்கு நனைக்க வேண்டாம் என்றும், காய்ச்சல் வந்தால் உடனே அழைக்கும்படியும் சொன்னாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் மட்டும் ஏறுங்கள் என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார். பின்னேரப் பஸ்ஸில் அப்படி இடம் கிடைக்காது என்று மூவருக்குமே தெரியும்.

அவர்கள் போனபிறகு அவள் கட்டில் விரிப்பை மாற்றினாள். வாங்கில் புதிய ஆள் ஒருவர் காத்திருந்தார். அவருக்கான சம்மதப் படிவத்தின் இருபத்தொரு பக்கங்களையும் எடுத்து அடுக்கிக்கொண்டு அவரை உள்ளே கூப்பிட்டாள்.