கொக்கந்தாங்கல் ஏரி கொண்டுவந்தவை

2003ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிவாக்கில், கொக்கந்தாங்கல் ஏரி தன் இடத்தை விட்டு எழுந்து பல்லாவரம் சந்தைக்கு வந்தது. அன்று தக்காளி கிலோ எட்டு ரூபாய். அஸ்தினாபுரத்துக்குத் தெற்கே இருந்து புறப்பட்ட ஏரி, ரயில்வே கேட் திறக்கும்வரை காத்திருந்தது என்றும், ஜி.எஸ்.டி. சாலையைச் சிக்னல் விழுந்த பிறகே கடந்தது என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள். கூடவே ஆகாயத்தாமரையும், ஜிலேபிக் கெண்டைகளும், லாரி டயர்களும், ஒரு பிள்ளையாரின் கையும் வந்தன. நாமக்கோழிப் பறவைகள் நான்கைந்து மேலே மிதந்துகொண்டே வந்தன. புறா விற்பவர்களும் பழைய மின்விசிறி விற்பவர்களும் சரக்கைப் பலகைமேல் ஏற்றிவைத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்றபடி வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். சாயங்காலம் சந்தை கலைந்தபோது ஏரியும் கலைந்து வேறு பக்கம் போயிற்று.

ஏரி ஏன் கிளம்பியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரு கரையில் குப்பை மலையாகிப் புகைந்துகொண்டிருந்தது. மறுகரையில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மட்டம் செய்து, மனை எண் எழுதிய கற்களை நட்டிருந்தார்கள். நடுவில் மிச்சமிருந்த தண்ணீருக்குப் படுக்க இடமில்லை. அவ்வளவுதான்.

உமருக்குச் செய்தி அலுவலகத்தில் கிடைத்தது. குரோம்பேட்டையில் அவனுக்கு ஒரு சிறிய அலுவலகம் இருந்தது. தோல் பட்டறைகளுக்குக் கழிவுநீரைக் குறைக்கும் வழிகளைச் சொல்லிக்கொடுப்பது பிழைப்பு; தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரையுள்ள ஏரிகளுக்காக மனுப் போடுவது மீதி வாழ்க்கை. இரண்டாவதை ஆரம்பித்தவள் அவன் மனைவி ஹஃபீசா. கொக்கந்தாங்கலில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கோல் ஒன்றை நட்டு, வாராவாரம் நீர்மட்டம் பார்த்தவள் அவள்தான். ஒருமுறை சேற்றில் அவளுடைய பச்சைச் செருப்பு ஒன்று புதைந்துபோனது. எவ்வளவோ துழாவியும் கிடைக்கவில்லை. ஒற்றைக் கால் வெறுங்காலாக பைக்கின் பின்னால் உட்கார்ந்து, வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. உமருக்கு அப்போது முப்பத்தொரு வயது. அதற்குப்பின் அவன் எந்த வாடகை வீட்டிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. பம்மல், நன்மங்கலம், சேலையூர், மறுபடி பம்மல். ஒவ்வொரு முறையும் சாமான்களோடு அந்த மற்றொரு செருப்பும் போயிற்று. அதன் ஜோடி ஏரிக்குள் இருந்தது. ஏரி வற்றினால் அது குப்பையோடு குப்பையாகிவிடும். நிலத்தடி நீர், பறவைகள் என்று உமர் அதிகாரிகளிடம் பேசியதெல்லாம் உண்மைதான். ஆனால் அவனுக்கு இருந்த பயம் இது ஒன்றுதான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

2003ஆம் வருடம் முழுவதும் ஏரி ஓரிடத்தில் தங்கவில்லை. ஒரு பள்ளி மைதானத்தில் இரண்டு நாள், ஒரு ரேஷன் கடை வாசலில் ஒரு நாள், விமான நிலையச் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு வாரம். எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் மண்ணுக்குள் போயிற்று. உமர் பைக்கில் அதன் பின்னாலேயே அலைந்தான். தண்ணீர்ப் பஞ்சம் உச்சத்தில் இருந்த காலம் அது. டேங்கர் லாரி ஓட்டும் சிட்டிபாபு ஒருநாள் போன் செய்தான்.

“சார், உங்க ஏரி எங்க ஸ்டாண்டுல வந்து படுத்துகினு கீது சார். வண்டிய எடுக்க முடில. ஒரே பேஜாரா கீது.”

“தண்ணி எதுவும் எடுத்துடலையே?”

“இன்னா சார் இப்டி கேட்டுட்ட? எம் புள்ள மேல சத்தியமா ஒரு சொட்டு எடுக்கல. அதுங்கிட்ட போயி ஓஸ விட்டா ஓஸ் தானா வெளிய வந்துடுது.”

உமரின் அலுவலகத்துக்கு மேல்மாடியில் ஜீவிதா என்பவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கதைக்கூட்டம் நடத்திவந்தாள். இலங்கையிலிருந்து வந்து, முகாமுக்கு வெளியே வாடகை வீடுகளில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் வருவார்கள். தங்கள் கதைகளைச் சொல்வார்கள், எழுதுவார்கள், சில சமயம் நடித்துக் காட்டுவார்கள். ஜீவிதாவிடம் ஒரு நடைமுறை இருந்தது. புதிதாக வந்தவர்களிடம் என்ன நடந்தது என்று யாரும் கேட்கக்கூடாது. எங்கிருந்து வந்தாய் என்றும் கேட்கக்கூடாது. அதையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் மாதாமாதம் கேட்கிறார்கள். சில வாரம் சும்மா உட்காரவிட்டு, பிறகு ஒரே ஒரு கேள்வி: என்ன கொண்டுவந்தாய்? ஒரு பையன் பூட்டே இல்லாத சாவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். ஒரு பெண்ணிடம் பாதி எரிந்த வானொலிப் பெட்டி. அங்கிருந்துதான் கதை தொடங்கும்.

அந்தக் கூட்டத்தில் மெட்டில்டா என்ற மன்னார்ப் பெண் இருந்தாள். பதினாறு வயது. அந்த வருடம் அங்கே சண்டை நின்றிருந்ததால் பல குடும்பங்கள் திரும்பிப் போயின. மெட்டில்டாவின் குடும்பமும் கிளம்பியது. விடைபெற அவள் கீழே வந்தபோது உமர் கையிலிருந்த வேலையை விட்டு நிமிர்ந்து, “ரொம்ப நல்லது மெட்டில்டா. என்ன இருந்தாலும் சொந்த ஊர்” என்றான்.

“ஓம் அண்ணா” என்று சொல்லிவிட்டு அவள் சுவரைப் பார்த்தாள்.

ஏரி வழக்கை நடத்திய வக்கீல் தட்சிணாமூர்த்தியின் கவலை வேறு. 2004 ஜூலையில் நீதிமன்றம் அனுப்பும் குழு நேரில் பார்வையிட வருவதாக இருந்தது. “ஏரி இருக்க வேண்டிய எடத்துல இருந்தாத்தான் உமர் நான் பேச முடியும். குழு வர்ற அன்னிக்கு அது டேங்கர் ஸ்டாண்டுல படுத்திருந்தா நான் யாரக் காட்டி வாதாடறது? எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க.”

உமர் யோசித்தான். காய்ந்த சேற்றில் ஹஃபீசாவின் கோல் இன்னும் நின்றிருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு போய் ஏரியின் முன்னால் தூக்கிப் பிடித்தான். ஏரிக்கு அந்தக் கோலைத் தெரியும். அவன் முன்னால் நடக்க, ஏரி பின்னால் வந்தது. அஸ்தினாபுரம் வரை ஒரு இடத்திலும் முரண்டு பிடிக்கவில்லை. நாய்க்குட்டிபோல வந்தது என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். உமர் கோலைப் பழைய குழியிலேயே நட்டான். ஏரி அதைச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

குழு வந்தது, பார்த்தது, எழுதிக்கொண்டது. இது ஏரிதான் என்று உத்தரவு வந்தது. நீல நிறத்தில் ஒரு பலகை வைத்தார்கள். தட்சிணாமூர்த்தி எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக்கொடுத்தார். உமர் அந்த வருடம் வீடு மாறாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தான். அதே மாதக் கடைசியில் பலகை இல்லாத பக்கமாக லாரிகள் மறுபடி வந்தன. இடிபாடுகளை ஏரியின் மேலேயே கொட்டினார்கள். அதற்கு மேல் குப்பை, குப்பைக்கு மேல் நெருப்பு. ஏரி எழுந்தபோது மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. ஓரமெல்லாம் கருகியிருந்தது. நாமக்கோழிகள் உடன் வரவில்லை. உமர் கோலை எடுத்துக்கொண்டு ஓடினான். கோலைக் கண்டதும் ஏரி திசை மாறி வேகமாகப் போயிற்று.

அந்தக் கோலை அவன் அலுவலகத்தின் கதவுக்குப் பின்னால் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். இரண்டு மாதத்தில் இரண்டு முறை வீடு மாறினான். 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்துபோன நாளன்று ஏரி ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம் சுருண்டு கிடந்தது. யாருக்கும் அதைக் கவனிக்க நேரமில்லை. அடுத்த வருட மழையில் எல்லாத் தெருக்களும் ஏரியாக இருந்தன. எது தங்கள் ஏரி என்று தெரியாமல் உமர் இடுப்பளவு தண்ணீரில் தெருத்தெருவாகத் தேடினான். தண்ணீர் வடிந்த பிறகு அது சிட்டிபாபுவின் ஸ்டாண்டுக்கே திரும்பியிருந்தது. ஒரு டேங்கர் நிற்கும் இடமே அதற்குப் போதுமானதாக இருந்தது. சிட்டிபாபு தன் வண்டியை வெளியே தெருவில் நிறுத்திக்கொண்டு, ஏரிக்கு மேலே சாக்குப் படுதா கட்டி நிழல் கொடுத்தான்.

2006இல் இலங்கையில் மறுபடி சண்டை தொடங்கியது. மெட்டில்டா படகில் திரும்பி வந்தாள். அப்பா இல்லாமல் வந்தாள். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. மேல்மாடிக்குக் கூட்டம் அதிகம் வருகிறது என்று கட்டட உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிட்டதால், ஜீவிதா கதைக்கூட்டத்தைத் திருநீர்மலை போகும் வழியில் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றின் ஓரத்துக் கொட்டகைக்கு மாற்றியிருந்தாள். குவாரி ஆழமானது, காய்ந்து கிடந்தது. உமர் பாய்களை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியபோது மெட்டில்டா அங்கே தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஏரி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவன் நடந்ததைச் சொன்னான். கோலைக் காட்டி அழைத்துப்போனதையும் சொன்னான்.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். “நீங்கள் என்னட்டயும் நல்லது எண்டுதானே அண்ணா சொன்னனீங்கள்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உமர் ஒரு பாயை விரித்து, சுருட்டி, மறுபடி விரித்தான்.

“ஏரியக் காட்டுவியளோ?”

ஸ்டாண்டுக்குப் போனார்கள். மெட்டில்டா படுதாவுக்கு அடியில் குந்தி உட்கார்ந்து தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கை வைக்கவில்லை. பிறகு, தெரிந்தவர்களிடம் பேசுவதுபோல, “ஞாயிறு பின்னேரம் நாங்கள் குவாரியடியில இருப்பம். விருப்பமெண்டா வா. ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்” என்றாள்.

சிட்டிபாபு உமரிடம் தணிந்த குரலில், “இன்னா சார் இந்தப் பொண்ணு, கல்யாணத்துக்குக் கூப்புடற மாரி கூப்புடுது?” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஏரி வந்தது. பாய்க்குப் பக்கத்தில், பிள்ளைகளின் செருப்புகள் நனையாத தூரத்தில், சும்மா இருந்தது. கூட்டம் முடிந்ததும் குவாரிக்குள் இறங்கிப் படுத்தது. அடுத்த ஞாயிறும் மேலே வந்தது. அடுத்ததும். உமர் தினமும் வந்து எட்டிப் பார்த்தான். போய்விட்டிருக்கும் என்று நினைத்தே வருவான். ஆடி மாதம் ஒரு ஞாயிறு, ஜீவிதா வழக்கம்போல வட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெட்டில்டாவிடம் தலையசைத்தாள். மெட்டில்டா ஏரியின் பக்கம் திரும்பி, “நீ என்ன கொண்டு வந்தனீ?” என்று கேட்டாள்.

ஏரி மறுநாள் திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாகப் பாறைமேல் எடுத்து வைத்தது. முதலில் லாரி டயர்கள். பிறகு பிள்ளையாரின் கை, ஒரு தையல் மெஷினின் தலை, மனை எண் எழுதிய கல், கருகிய நாமக்கோழிக் கூடு. ஒவ்வொன்றையும் வைக்க வைக்கத் தண்ணீர் ஏறியது. இறக்கி வைத்தவற்றின் எடைக்குச் சமமாக ஏறியதா, அதைவிட அதிகமா என்று உமரின் அலுவலகப் பையன்கள் விவாதித்தார்கள். மலையடிவாரக் கிணறுகளில் ஊற்று திரும்பியது. சனிக்கிழமை காலை பச்சைச் செருப்பு பாறைமேல் இருந்தது. வார் அறுந்திருக்கவில்லை.

உமர் அதைத் தொடவில்லை. மறுநாள் கூட்டத்துக்கு வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக வட்டத்தில் உட்கார்ந்தான். ஜீவிதா அவனைக் கடந்து அடுத்தவரிடம் போகப் பார்த்தாள். அவன் கையைத் தூக்கினான்.

“சரி உமர், நீங்க என்ன கொண்டுவந்தீங்க?”

அவன் பிளாஸ்டிக் பையிலிருந்து மற்றொரு செருப்பை எடுத்தான். ஹஃபீசாவின் பெயரைச் சொன்னான். காய்ச்சல் என்று சொன்னான். அவள் பைக்கில் சிரித்துக்கொண்டே வந்ததைச் சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்தது, பிள்ளைகளும் சிரித்தார்கள். அப்புறம் அவன் அழுதான். ஒரு பையன் டீ கொண்டுவந்து கொடுத்தான். உமர் எழுந்து போய் அந்தச் செருப்பை அதன் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தான்.

கொக்கந்தாங்கல் ஏரி இப்போதும் அந்தக் குவாரியில்தான் இருக்கிறது. முன்போல அகலம் இல்லை, ஆழமாகிவிட்டது. நாமக்கோழிகள் எப்படியோ விலாசம் கண்டுபிடித்து வந்துவிட்டன. வரைபடத்தில் பழைய இடம் இன்னும் நீலமாக இருக்கிறது; அங்கே மூன்று மாடி வீடுகள் நிற்கின்றன. ஏரியின் இருப்பிடத்தை மாற்றக் கோரும் தட்சிணாமூர்த்தியின் மனு நிலுவையில் இருக்கிறது. மெட்டில்டா இப்போது ஜீவிதாவோடு சேர்ந்து கூட்டத்தை நடத்துகிறாள். புதிதாக வந்த பிள்ளைகளைக் கேள்வி கேட்காமல் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்காரவைக்கிறாள். மாதாமாதம் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவும் போகிறாள். உமர் குவாரிக்கு எதிரே ஒரு வீடு எடுத்து, மூன்றாவது வருடமாக அங்கேயே இருக்கிறான். சில நாள் காலையில் பாறைமேலுள்ள பச்சைச் செருப்புகள் இரண்டும் நனைந்து, அடியில் புதுச் சேறு ஒட்டியிருக்கும். அவன் அவற்றைக் கழுவி வெயில் படும் பக்கமாகச் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறான்.