கோகிலவாணிக்கு ஒரு கதகதப்பான படம்

ஐப்பசி இரண்டாவது செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு இலையுதிர் காலம் வந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும்தான். இரண்டு பேர் டெம்போவில் கொண்டுவந்து ஹாலில் இறக்கினார்கள். கையெழுத்து கேட்டார்கள். போட்டேன்.

கோயமுத்தூரில் அன்று நல்ல வெயில். எதிர் வீட்டு மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஹாலில் மஞ்சள் இலைகள் உதிர்ந்தன. மின்விசிறியிலிருந்து உதிர்ந்தன. என் மனைவி கோகிலவாணி இரண்டு முறை பெருக்கினாள். பிறகு விட்டுவிட்டாள்.

"நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம். வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் பம்ப்செட் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறேன்.

ரசீதின் பின்பக்கம் விதிகள் அச்சாகியிருந்தன. காலம் ஏழு நாள் இருக்கும். அதற்குள் வீட்டிலுள்ளவர்கள் சேர்ந்து கதகதப்பான படம் ஒன்றைப் பார்க்க வேண்டும். தவறினால் ஒருவர் குளிர்ந்துபோவார். ஏழாம் நாள் டெம்போ வரும்போது காலத்தோடு அவரையும் ஏற்றிக்கொள்வார்கள்.

ஒரு படம் பார்ப்பது பெரிய வேலையா என்று நினைத்தோம்.

டிவியில் நாலாயிரம் படங்கள் இருந்தன. ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம்.

"நீயே சொல்லு கண்ணு."

"நீங்களே சொல்லுங்க."

"எனக்கு எதுன்னாலும் சரி."

"எனக்கும் எதுன்னாலும் சரிங்க."

இப்படி மூன்று நாள் போயிற்று. ஒரு படத்தின் போஸ்டரில் அண்ணனும் தம்பியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் பாகப்பிரிவினை வரும் என்றாள். இன்னொன்றில் கல்யாண வீடு. அந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறார், பாருங்கள் என்றாள். ஒன்றில் வெறும் ஆட்டுக்குட்டி. சட்டென்று அடுத்ததற்குப் போய்விட்டாள்.

நான்காம் நாள் காலையில் காபி கொடுத்தாள். காபி கொதித்தது. டம்ளர் சில்லென்றிருந்தது. அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் குளிர்.

"வலிக்குதா?"

"இல்லீங்க. கை கொஞ்சம் தூரத்துல இருக்கற மாதிரி இருக்குது."

கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் படத்தேர்வு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். அது எங்கள் வீட்டிலேயே, சமையலறையைத் தாண்டி, நடையின் கடைசியில் இருக்கிறது. சாதாரண நாளில் நாலு எட்டு. அன்று முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் ஒருவர் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தில் திலகமணி என்ற அம்மா இருந்தார். மேசையில் பெயர்ப்பலகை இருந்தது. தலையில் கம்பளிக் குல்லா. ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தன பேர் பாக்கறீங்க?"

"ரெண்டு பேருங்க."

"அதுல முழிச்சிருக்கறவங்க?"

யோசித்தேன்.

"ஒருத்தருங்க."

உண்மைதான். படம் போட்ட பத்தாவது நிமிடம் நான் தூங்கிவிடுவேன். மறுநாள் சாப்பிடும்போது கோகிலவாணி மீதிக் கதையைச் சொல்வாள்.

"உங்களுக்குப் புடிச்ச படம் ஒண்ணு சொல்லுங்க. அதே மாதிரி தேடித் தர்றேன்."

ஒரு பரிசல்காரனும் தபால் கொடுக்கும் பெண்ணும் வருகிற படத்தைச் சொன்னேன். கடைசியில் இருவரும் ஆற்றோரம் குடியேறி எருமை வாங்குவார்கள்.

திலகமணி பதிவேட்டைப் புரட்டினார்.

"பரிசல்காரர் இடைவேளைக்கு முன்னாலயே போயிட்டாருங்களே."

"இல்லீங்க. எருமைக்குப் பேருகூட வெச்சாரு."

"இந்தப் படத்துல எருமையே இல்லீங்க."

மகளைத் தொலைத்த வாத்தியார் படத்தைச் சொன்னேன். மகள் சேலம் பஸ் ஸ்டாண்டில் கிடைப்பாள். இருவரும் முறுக்குத் தின்பார்கள்.

"கெடைக்கலீங்க," என்றார், தலை நிமிராமல்.

"அந்த ஜட்கா வண்டிக் குதிரை?"

"வேண்டாம். கேக்காதீங்க."

பதிவேட்டை மூடிவிட்டுக் கேட்டார்.

"இதெல்லாம் யாரு சொன்னது உங்களுக்கு?"

"என் சம்சாரம்."

திலகமணி பேனாவைக் கீழே வைத்தார். குல்லாவைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"எத்தன படம் சொல்லியிருப்பாங்க?"

"வாரத்துக்கு ஒண்ணுங்க."

ஆயிரத்துக்கு மேல் வரும். ஆயிரம் தடவை அவள் என் பக்கத்தில் தனியாக அழுதிருக்கிறாள். முகம் கழுவியிருக்கிறாள். எனக்கு எருமையும் முறுக்கும் கொடுத்திருக்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்குத் தனிப் படிவம் இருந்தது. நிரப்பிக் கொடுத்தேன்.

"கதகதப்பானது இருப்புல ஒண்ணுதான் இருக்குது," என்றார் திலகமணி. "ஒரு பொண்ணு மொச்சை உரிக்கறா. ரெண்டு மணி நேரம். கடசி மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்."

"பரவால்லீங்க."

"நீங்க தூங்கக் கூடாது."

"தூங்க மாட்டேனுங்க."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன்.

திரும்பி வர இரண்டு நாள் ஆயிற்று. கோகிலவாணி கழுத்து வரைக்கும் குளிர்ந்திருந்தாள். பேச்சு புகையாக வந்தது. சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்டாள்.

மதியம் மூன்று மணிக்குப் படம் போட்டோம். அந்தப் பெண் மொச்சை உரித்தாள். வெளியே மழை. யாரும் வரவில்லை. யாரும் போகவில்லை.

"ரொம்ப நல்லாருக்குதுங்க," என்றாள் கோகிலவாணி. பத்தாவது நிமிடம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இருபத்தாறு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

நான் அசையவில்லை. தொடையைக் கிள்ளிக்கொண்டேன். கால் மரத்து, பிறகு காணாமல் போயிற்று. மொச்சை தீர்ந்தது. அந்தப் பெண் கையைத் துடைத்தாள். ஒரு பையை எடுத்துக்கொண்டாள். கதவைப் பூட்டாமல் நடந்து பஸ் ஏறினாள். பஸ் மலையைத் தாண்டிப் போய்விட்டது. அடுப்பில் பானை அப்படியே இருந்தது. வணக்கம் என்று எழுத்து வந்தது.

நான் அழுதேன். தோளை அசைக்காமல் அழுவது சிரமமான காரியம். இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஐந்தரை மணிக்கு அவள் கண் விழித்தாள்.

"தூங்கிட்டனுங்களா? கடசில என்னாச்சு?"

"பஸ் ஏறினா."

"ஏறி?"

அவள் கை என் கைக்குள் இருந்தது. ஐஸாக இருந்தது.

"கொஞ்ச தூரத்துலயே பஸ் பஞ்சராயிருச்சு. நல்ல மழை. என்ற வீடு பக்கத்துலதான், வாங்கன்னு எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டா."

"எல்லாரையுமா?"

"டிரைவர் கண்டக்டர் உட்பட."

"மொச்சை பத்துமாங்க?"

"அதுக்குத்தான அவ்வளவும் உரிச்சு வெச்சிருந்தா."

கோகிலவாணி என்னை வெகுநேரம் பார்த்தாள். என் கண் சிவந்திருக்க வேண்டும்.

"நம்பற மாதிரியே இல்லீங்க," என்றாள்.

"படம்னா அப்படித்தான்."

அவள் சிரித்தாள். சுண்டுவிரலில் முதலில் சூடு வந்தது. பிறகு ஒவ்வொரு விரலாக.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். படியில் வரிசையாக ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் நனைந்திருந்தார்கள். முன்னால் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர்.

"ஸ்டெப்னியும் பஞ்சருங்க," என்றார்.

"எத்தன பேரு?" என்று உள்ளிருந்து கேட்டாள் கோகிலவாணி.

"நாப்பத்தி மூணு பேருங்க."

அவள் முடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள். என்னை அரிசி களையச் சொன்னாள். அவர்களைத் தலை துவட்டிக்கொண்டு வரச் சொன்னாள். இருந்த துண்டுகளையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் இலைகளை ஒதுக்கிவிட்டு ஹாலில் உட்கார்ந்தார்கள்.

கடைசியாக ஒரு பெண் கையில் பையோடு வாசலிலேயே நின்றாள். உள்ளே வருவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோகிலவாணி போய் அந்தப் பையை வாங்கிக்கொண்டாள்.

"வா கண்ணு," என்றாள். "உன்ற வீட்டுக்கு வர்றதுக்கு நீயே நின்னு யோசிச்சா எப்படி?"