கோடு கிழித்த முகம்

"ஏனுங்க, இன்னொருக்காச் சொல்லுங்க. ஐ கேன் டிரைவ்," என்றாள் ஜெபமலர், தையல் மிஷினை மிதிப்பதை நிறுத்தாமல்.

"ஐ கேன் டிரைவ்," என்றான் தோமினிக், மடியில் இருந்த முறத்தைப் பார்த்துக்கொண்டு. உரித்த நிலக்கடலை ஒரு பக்கம், உரிக்காதது ஒரு பக்கம்.

"அதெதுக்குங்க கடலைகிட்டச் சொல்றீங்க? எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. சனிக்கிழமை தோட்டத்துத் துரைசாணி உங்க எதுர்ல நின்னுதான் கேப்பாங்க."

தோமினிக் லாரி டிரைவர். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஐம்பது அறுபது வார்த்தைகள் தெரியும், ஆனால் அத்தனையும் லாரிக்குள் இருப்பவை. பிரேக், கிளட்ச், கியர், ரேடியேட்டர் என்று பானட்டிலிருந்து பின் சக்கரம் வரை ஒப்பிப்பான். லாரியை விட்டுக் கீழே இறங்கினால் வாய் தமிழுக்கு வந்துவிடும். ஜெபமலர் கான்வெண்டில் எட்டாவது வரை படித்தவள். மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் அந்த இங்கிலீஷ் ஒன்றுக்கும் ஆகாமல் பன்னிரண்டு வருஷமாகப் பெட்டிக்குள் கிடந்தது. இப்போதுதான் அதற்கு ஒரு வேலை வந்திருக்கிறது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அது நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம். தோமினிக் ஓட்டிய லாரியை முதலாளி விற்கப் போகிறார், ஆடியோடு வேலை போய்விடும். ஏற்காட்டு மலை மேலே ஒரு காப்பித் தோட்டத்துக்கு ஜீப் டிரைவர் வேண்டும் என்று பங்குச்சாமியார்தான் சொல்லி அனுப்பினார். துரைக்குக் கண் மங்கிவிட்டது. சீமையிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத துரைசாணிதான் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறாளாம், அவளுக்குத் தமிழ் வராது. தோட்டத்திலேயே வீடு. மகள் ஞானமேரிக்குக் கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம். ஜெபமலர் மனசுக்குள் அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பே அடித்து முடித்துவிட்டாள்.

ஓட்டத் தெரியும் என்பதை இங்கிலீஷில் தடுக்காமல் சொல்லவே மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் அவள் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு, பென்சிலால் ஆறு முகங்கள் வரைந்தாள். கான்வெண்டில் சிஸ்டர் இப்படித்தான் அட்டையில் வரைந்து சொல்லிக்கொடுத்தாராம்.

"ஓட்டத் தெரிஞ்சா மட்டும் பத்துமா? எப்படி இருக்கறேன்னு கேட்டாச் சொல்லோணுமில்லீங்க. இது ஹாப்பி. இது சாட், துக்கம். இது டயர்ட்."

"இதாரு, நம்ம முதலாளியாட்ட இருக்குது?"

"அது ஆங்ரி."

தோமினிக் சிரித்தான். கோபத்தையும் பசியையும் சட்டென்று பிடித்துக்கொண்டான். ஆறாவது முகத்துக்குப் புருவம் மேலே ஏறி, வாய் சின்ன வட்டமாக இருந்தது.

"இது?"

"அஃப்ரெய்ட். பயம்," என்றவள், தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ, இது உங்களுக்கெதுக்கு? டிரைவர் போயி பயமா இருக்குதுன்னு சொன்னா ஆரு வேலை குடுப்பா?" பென்சிலை எடுத்து அந்த முகத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு கிழித்தாள். "அஞ்சு போதுமுங்க."

தோமினிக் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மிஷின் பக்கம் திரும்பியதும், உதட்டுக்குள் அந்த வார்த்தையை ஒரு தரம் சொல்லிப்பார்த்தான். மற்ற ஐந்தையும்விட அது சுலபமாக வந்தது.

மலையடியில் ஏற்றத்துக்கு நிற்கும் டிரைவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், முனியப்பனுக்குச் சூடம் காட்டுவார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். தோமினிக் வண்டிக்குள் ஒட்டிய அந்தோணியார் படத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொள்வான், எலுமிச்சம்பழத்தையும் விடமாட்டான். எந்தச் சாமி பார்த்துக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனும் அங்கே நின்று "ஏத்திருவேன்" என்று சொல்லமாட்டான். "ஏறீருமா?" என்று யாராவது கேட்டால், "மேல போயிச் சொல்றனுங்க" என்பதுதான் பதில். மலை கேட்டுக்கொண்டிருக்கிறது என்பார்கள்.

இருபது வருஷம் அந்தக் கட்டுப்பாட்டைக் காத்தவன் போன தை மாதம் ஒருநாள் மீறினான். "இருட்டறதுக்குள்ள எறங்கீருவமாண்ணா?" என்று லோடு ஏற்றும் செங்கோடன் கேட்டபோது, "கண்ணக் கட்டிட்டு எறக்குவன்டா," என்று சொல்லிச் சிரித்தான். சாயங்காலம் காப்பி மூட்டைகளோடு இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. லாரியை மலைப்பக்கமாக உரசி உரசி நிறுத்தினான். உயிருக்கு ஒன்றுமில்லை, செங்கோடன் குதித்ததில் கை ஒடிந்தது. எலும்பு கோணலாகக் கூடி, அவன் இன்றும் இடது கையால்தான் டீ கிளாஸை எடுக்கிறான். அதைப் பார்த்த நாள்களில் தோமினிக் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

ஜெபமலர் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள், கண்டம் கழிந்தது என்று நினைத்தாள். அதற்குப் பிறகு தோமினிக் மலையேறவில்லை. முதலாளி மலையே இல்லாத மல்லசமுத்திரம் லைனுக்கு மாற்றிவிட்டார் என்று வீட்டில் சொன்னான். இவன்தான் முதலாளியின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு மாற்றிக்கொண்டான் என்பது அவளுக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை துரைசாணி தானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு மலையடிக்கு வந்தாள். ஐம்பது வயசிருக்கும், தொப்பிக்குள் நரைத்த முடி. முனியப்பனுக்கு நட்டிருந்த சூலத்தைப் பார்த்துவிட்டு இவனைப் பார்த்தாள். மலையைக் காட்டி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டாள்.

"கேன் யூ டிரைவ் அப் திஸ் ஹில்?"

நூறு தரம் சொன்ன பதில் நுனி நாக்கில் இருந்தது. ஆனால் நின்றுகொண்டிருந்த இடம் மலையடி. கேள்வி இங்கிலீஷில் இருந்தால் என்ன, மலைக்கு எந்த பாஷை தெரியாது? தோமினிக் வாயைத் திறக்கவில்லை. அவள் இன்னொரு தரம் கேட்டாள். இவன் குனிந்து ஜீப்பின் முன்சக்கரத்தைப் பார்த்தான். இவனுக்கு வண்டியே ஓட்டத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, அவள் சாவியைக் கைப்பைக்குள் போடப்போனாள்.

வீடு போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று என்று தோமினிக்குக்குத் தெரிந்தது. அப்போதுதான் அது வந்தது.

"ஐ ஆம் அஃப்ரெய்ட், மேடம்."

பிறகு லாரி வார்த்தைகளே கைகொடுத்தன. "லாரி. நைன் பெண்ட். பிரேக் ஃபெயில்." கையால் மலையை உரசிக் காட்டினான். தன் முழங்கையைப் பிடித்து ஒடிகிற மாதிரி காட்டினான். "மை செங்கோடன்," என்றான்.

அவள் மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றி, தன் மார்பில் கை வைத்து, "மீ டூ. எவ்ரி டே," என்றாள். சாவியை நீட்டினாள்.

எட்டு வளைவு ஏற்றினான். ஒன்பதாவதுக்கு முன்னால் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. உள்ளங்கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. எவ்வளவோ முயன்றும் காலை எடுக்க முடியவில்லை. துரைசாணி திட்டவில்லை. கீழே இறங்கி, சுற்றி வந்து, அவனை நகரச் சொல்லி, அந்த ஒரு வளைவை மட்டும் தானே ஓட்டினாள். பத்தாவதற்கு முன்னால் நிறுத்தி இடத்தைத் திரும்பக் கொடுத்தாள். மிச்சம் பதினொன்றையும் தோமினிக் ஓட்டினான். தோட்டத்து வாசலில் இறங்கும்போது அவள் சொன்னது ஒரே வார்த்தை: "மண்டே."

பஸ்ஸில் இறங்கி அவன் வீட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஜெபமலர் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சொன்னீங்களா? ஐ கேன் சொன்னீங்களா?"

"இல்ல புள்ள."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். மல்லசமுத்திரம் லைன் வந்த கதையையும் சேர்த்துத்தான் சொன்னான். அவள் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள், ஆனால் மிதிக்கவில்லை. காலண்டர் தாள் அங்கேதான் கிடந்தது.

"ஏழு மாசமாவா?"

"ம்."

"பக்கத்துல படுத்திருந்தவளுக்குத் தெரியல. காலைல பாத்த வெள்ளக்காரிக்குத் தெரியும்." காலண்டர் தாளைக் கையில் எடுத்தாள். "எங்கிட்டச் சொன்னா நான் என்ன உங்களக் கேலியா பண்ணீருப்பேன்?"

"அதில்ல, மலரு. இங்கிலீசுல சொன்னா வேற எவனோ சொல்றாப்புல இருந்துச்சு. தமிழ்ல சொன்னா அது நானாப் போயிரும்."

அவள் அவனைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம்தான், ஆனால் அதற்குள்ளேயே அவன்மேல் இரக்கமும் பொங்கிக்கொண்டு வந்தது. பென்சில் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். அது அழியவில்லை, முகம் முழுக்கக் கறுப்பாகப் பரவியது.

"திங்கக்கெழம ஒம்பதாவதுல என்ன பண்ணுவீங்க?"

"மேல போயிச் சொல்றன்."

அவள் எழுந்து வந்து வாசற்படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மலை கருநீலமாகிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறியது. வெளிச்சம் ஒவ்வொரு வளைவிலும் மறைந்து மறைந்து தெரிந்தது.

"இப்பத் தமிழ்ல சொல்லுங்க," என்றாள். "எங்கிட்ட."

தோமினிக் மலையைப் பார்த்தான். வெளிச்சம் எட்டாவதைத் திரும்பியது. பதிலாக அவன் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது, அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது. ஒன்பதாவதில் வெளிச்சம் மறைந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது அந்தப் பக்கம் தெரிவதற்காக மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.