எதிர்ப்படகின் குரல்

வெயில் ஏறிய பிறகும் கடல்மேல் பனி விலகவில்லை. ரோந்துப் படகு இன்ஜினை அடக்கிக்கொண்டு, தூக்கத்தில் புரள்கிறவனைப்போல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ரேடியோ அறைக் கண்ணாடிக்கு அப்பால் வானம் எது, தண்ணீர் எது என்றே பிரிபடவில்லை. இதில் எல்லைக்கோட்டை எங்கே போய்த் தேடுவது என்று ரேடியோக்காரனுக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு நாடுகள் சொந்தம் கொண்டாடும் கடல் அது. எதிர்நாட்டுப் படகு தென்பட்டால் அவன் மைக்கை எடுத்து, "இது எங்கள் கடற்பரப்பு. உடனே திரும்பிச் செல்லுங்கள்" என்று வாசிக்க வேண்டும். அங்கிருந்தும் ஒரு குரல் அதையே வாசிக்கும். இரு கரையிலும் ஒரே பேச்சுதான். சொற்களை இழுக்கும் விதம் மட்டும் கொஞ்சம் வேறு. வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, அந்தக் குரலுக்குச் சளி பிடித்தால்கூட அவனுக்குத் தெரிந்துவிடும். போன மழைக்காலத்தில் சில நாள் அது வராமல் போனபோது அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"உன் சம்பந்தி லைன்ல இருக்காரு. மரியாதையாப் பேசுய்யா, கோச்சுக்கப் போறாரு" என்று படகின் சமையல்காரர் கிண்டலடிப்பார்.

இன்றும் அவன் வாசித்ததும், பதிலுக்குச் சம்பந்தி வாசித்து முடித்தார். ஆனால் இணைப்பைத் துண்டிக்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அண்ணே... எங்க ராடார் படுத்துடுச்சுண்ணே. ஒண்ணும் தெரியல. எங்க போறோம்னே புரியல."

ரேடியோக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பின்னால் நின்ற கேப்டனும் கேட்டுவிட்டார். இருவரும் தங்கள் ராடார் திரையைப் பார்த்தார்கள். பச்சைப் புள்ளி ஒன்று, அவசரமே இல்லாமல், தங்கள் வரைபடத்தில் மட்டும் குறித்திருந்த, நீருக்கடியில் கிடந்த பாறைத்திட்டை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"பாறையப் பத்தி வாயத் தொறக்காத" என்றார் கேப்டன். "அது இருக்கறது அவங்களுக்குத் தெரியாது. நாம சொன்னா ரகசியத்தக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும். மேலிடத்துல கேட்டுட்டு வரேன்."

"ஆளுங்க இருக்காங்க சார்."

"தெரியும்யா." அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. பக்கத்து அறைக்குப் போனார். அங்கே அவர் "ஹலோ, ஹலோ" என்று கத்துவது பனிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

இங்கே பேசுவதெல்லாம் பதிவாகும். வேலை போகலாம், ஜெயிலும் கிடைக்கலாம். அரசுக் குடியிருப்பில் வீடு கிடைத்த சந்தோஷத்தில் மனைவி நேற்றுத்தான் ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்து மாட்டியிருந்தாள். "இனிமே எங்கயும் மாறவேணாங்க" என்றிருந்தாள். அவள் முகம் ஒரு கணம் வந்து போனது. புள்ளி இன்னும் நெருங்கியது.

அவன் மைக்கை அழுத்தினான்.

"இது எங்கள் கடற்பரப்பு. உடனே திரும்பிச் செல்லுங்கள்." அந்த வாக்கியத்தை ஒருநாளும் அவன் மனதாரச் சொன்னதில்லை. இன்று சொன்னான். "திரும்புப்பா. வலது பக்கமா ஒடிச்சுத் திருப்பு. முன்னால பாறை இருக்கு. திரும்பு!"

கரகரவென்ற இரைச்சல். பிறகு, "திருப்பியாச்சுண்ணே" என்று மிகச் சன்னமாக வந்தது.

பச்சைப் புள்ளி தயங்கி வளைந்தது.

திரும்பி வந்த கேப்டன் திரையைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"என்ன பேசின?"

"திரும்பிப் போகச் சொன்னேன் சார்."

"அவ்வளவுதானா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கேப்டன், "பதிவு சாயங்காலம் கரைக்குப் போயிடும்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெருமூச்சோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பனி ஓரிடத்தில் கிழிந்தது. அதன் வழியே எதிர்ப்படகு, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், சத்தமின்றி நகர்ந்துபோனது. அதன் ரேடியோ அறை ஜன்னலில் மங்கலாக ஓர் ஆள். நீராவி படிந்த கண்ணாடியைத் துடைக்கிறானா, கையசைக்கிறானா என்று தெரியவில்லை. கை மட்டும் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டே இருந்தது. ரேடியோக்காரன் தன்னையறியாமல் கையை உயர்த்தினான். உள்ளங்கையில் குளிர்ந்த கண்ணாடி பட்டது.