நடுத்தொண்டை எழுத்து

என் கணவர் பஸ் ஓட்டுகிறவர். முப்பது வருடமாக, குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவைத் தமிழ் எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்தே ஓதிவந்தவர். தமிழில் இல்லாத அரபி ஒலிக்கெல்லாம் கைக்குக் கிடைத்த எழுத்தைப் போட்டிருக்கும் புத்தகம் அது. நான் பெண்களுக்கான ஓதல் வகுப்பில் உச்சரிப்பு கற்ற பிறகு என் காது சும்மா இருக்கவில்லை. 'உன்னையே வணங்குகிறோம்' என்ற இடத்தில் அவர் 'நஃபுது' என்று ஓதும்போதெல்லாம் பல்லைக் கடித்தேன்.

"அய்ன்ங்கிற எழுத்து நடுத்தொண்டையிலேர்ந்து வரணும். நீங்க வாயிலயே முடிச்சுடுறீங்க."

"சரிங்க உஸ்தாதம்மா" என்று என்னை ஆசிரியையாக்கிக் கிண்டல் செய்தாலும், தினமும் ஷூ மாட்டும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்தார். தொண்டையில் விரல் வைத்து அசைவைப் பார்ப்பேன். ஒரே மாதத்தில் அய்ன் வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, ஆனால் வாய்விட்டுப் பாராட்டவில்லை.

"இனிமே ஹாரனே வேணாம். ஒரு அய்ன் விட்டா வண்டியெல்லாம் ஒதுங்கிடும்" என்றார்.

பிறகு அது போக ஆரம்பித்தது.

சோம்பேறித்தனம் என்று எரிந்து விழுந்தேன். அடுத்த வாரம் எழுத்து எதிலோ இடித்து நின்றது. அதற்கடுத்த வாரம் வெறும் காற்று. பேச்சில் மாற்றமில்லை, சாப்பாடு இறங்கியது, அந்த ஓர் எழுத்து மட்டும் வரவில்லை. வழக்கமான இடத்தில் விரலை வைத்தேன். பட்டாணி அளவில் ஏதோ தட்டுப்பட்டது. சட்டென்று விரலை எடுத்தேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. இன்னைக்கு லீவு சொல்லுங்க."

டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். "வலி இல்ல, குரலும் மாறல. எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு எழுத்து வரல, டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. கட்டியை உடனே வெட்டி எடுக்க வேண்டும், குரல் மிஞ்சுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். என் கணவரைத் திட்டிய வாரங்களை நினைத்து எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

ஆபரேஷன் அன்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மெல்ல ஓதினார். அய்ன் காற்றாகப் போனது.

"சரியா வந்துச்சா?"

"அருமையா வந்துச்சு."

அவர் முகம் வெளுத்தது. "நீ பாராட்டுறியா? அப்ப நான் தேற மாட்டேனா?"

நர்ஸ் கதவைத் திறந்து பிடித்திருந்தார். குனிந்து அவர் தொண்டையில் விரலை வைத்தேன்.

"பொய் சொன்னேன். தப்பாத்தான் வந்துச்சு. மறுபடி ஓதுங்க."